முனுசாமியிடம் இன்னும் சொல்லவில்லை

கோயில்பிள்ளை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே,

ஊழியர் கூட்டத்தில் எழுந்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்துவிட்டேன், வார்த்தை வரவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தபடியால், ஜன்னல் கதவு ஆடுகிறதா என்று பார்க்கப் போகிறவன்போல நடந்து வெளியே வந்துவிட்டேன். அதனால் எழுதித் தருகிறேன். என் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. மணிக்குக் கீழே நின்று நின்று காது மந்தமாகி, வயதாவதற்கு முன்பே வேலையிலிருந்து நின்றவன் நான்.

மணிக்கயிற்றை எப்படி இழுப்பது, திருவிருந்துப் பாத்திரத்தை எப்படித் துலக்குவது, எந்தப் பண்டிகைக்குப் பீடத்தில் எந்த நிற விரிப்பு என்பதெல்லாம் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். அதை நான் எழுதப் போவதில்லை. ஆராதனையின் நடுவில் நடக்கக்கூடாதது ஒன்று நடக்கும். அந்த நேரத்தில் போதகர் உங்களைப் பார்ப்பார், மூப்பர்கள் உங்களைப் பார்ப்பார்கள், சபை முழுவதும் கழுத்தைத் திருப்பி உங்களைப் பார்க்கும். ஞானஸ்நானத் தண்ணீருக்குள் ஒருமுறை தவளை உட்கார்ந்திருந்தது. குழந்தையின் தகப்பன் தவளையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

எனக்கு முன்னால் இருந்தவர் சாவிக்கொத்தைக் கொடுக்கும்போது ஒரே ஒரு புத்தி சொன்னார். "எது நடந்தாலும் ஒண்ணும் நடக்காத மாதிரி மூஞ்சிய வெச்சிக்கோ." தவளைக்கு அந்த முகம் போதுமானதாக இருந்தது. கிளிக்குப் போதவில்லை.

எங்கள் ஆலயம் மயிலாப்பூரில், டிராம் சத்தம் காதில் விழும் ஒரு தெருவில் இருந்தது. சின்ன லுத்தரன் சபை. சுற்றுச்சுவருக்கு உட்புறம் ஒரு பெரிய பூவரசமரம். அதன் நிழல் பாதி எங்களுக்கு, பாதி தெருவுக்கு. தெருப்பக்கத்து நிழலில் முனுசாமி என்ற கிளி ஜோசியர் கடை விரித்திருந்தார். கடை என்றால் ஒரு கோணிப்பை, ஒரு கூண்டு, ஒரு கட்டு சீட்டு, பவானி என்று ஒரு கிளி. கோயிலுக்குப் போகிற மாமிகளும் சாந்தோமிலிருந்து மீன் விற்றுவிட்டு வருகிற பெண்களும் அவரிடம் உட்காருவார்கள். எல்லாச் சாமியும் அவர் சீட்டில் உண்டு. மீன்காரப் பெண்களுக்காக மாதா படம்கூட வைத்திருந்தார்.

மரத்தின் இந்தப் பக்கத்தில் சனிக்கிழமைதோறும் ஞானோபதேச வகுப்பு நடக்கும். முதல் திருவிருந்துக்கு முன் திடப்படுத்தலுக்கு நிற்கப்போகும் பிள்ளைகள் பத்துக் கற்பனை என்கிற பத்துக் கட்டளையையும் அதன் விளக்கத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டும். நீங்களும் அப்படித்தான் படித்திருப்பீர்கள். உபதேசியார் ஒரு கற்பனையை நீட்டிச் சொல்லுவார். கொஞ்சம் நிறுத்துவார். பிறகு குரலை உயர்த்தி, "இதின் அர்த்தம் என்ன?" என்று கேட்பார். உடனே பிள்ளைகள் ஒரே மூச்சாகப் பதிலைக் கொட்டுவார்கள். அவருடைய தொண்டை தரங்கம்பாடிக் கடற்கரையில் வளர்ந்த தொண்டை. சுவர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஒரு நாள் காலையில் முனுசாமி கூண்டோடு ஆலய வாசலுக்கு வந்தார்.

"நைனா, உங்க ஆளுங்க என் பொயப்புல மண்ணப் போட்டுட்டாங்க."

"என்ன ஆச்சு?"

"வந்து பாரு. சொன்னா நம்பமாட்ட."

போய்ப் பார்த்தேன். ஒரு மாமி வந்து உட்கார்ந்தார். பவானி கூண்டை விட்டு வெளியே வந்து, சீட்டுகளைக் கலைத்து, ஒன்றை எடுத்துக் கொடுத்தது. முனுசாமி படத்தைப் பிரித்து, "முருகன் வந்துகீறாரு, நல்ல காலம் பொறக்கப் போவுது, வடக்கேருந்து சேதி வரும்" என்று ராகமாகச் சொல்லி முடித்தார். முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் கிளி கழுத்தைச் சாய்த்து, அச்சு அசலாக உபதேசியாருடைய குரலில், "இதின் அர்த்தம் என்ன?" என்று கேட்டது.

மாமி முனுசாமியைப் பார்த்தார். "கேக்கறதோன்னோ? சொல்லுமேன்."

"அதாம்மா, நல்ல காலம் வரும்னு அர்த்தம்."

"இதின் அர்த்தம் என்ன?" என்றது கிளி.

"பட்சிக்கே திருப்தி இல்லே, எனக்கு எப்படி இருக்கும்? அர்த்தம் தெரியாமதான் இத்தனை நாள் சொல்லிண்டு இருந்தீரா?" என்று மாமி எழுந்து போய்விட்டார்.

முனுசாமி தலையில் கையை வைத்துக்கொண்டார். "பாத்தியா? தெனம் இதே பேஜார்தான். சனிக்கெயமன்னா கூண்டு மேல துணியப் போட்டேன், மூடினா கம்முனு கீது, தொறந்தா மறுபடியும் கேக்குது. மந்தவெளி மார்க்கெட்டாண்ட தூக்கினு போனேன். கத்திரிக்காக்காரி வெல சொல்றா, அதுக்கும் அர்த்தம் கேக்குது நைனா! அவ என்ன அடிக்க வந்துட்டா."

விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. கிளி முதன்முதலில் அந்தக் கேள்வியைக் கேட்ட நாளிலிருந்து, எங்கள் பிள்ளைகள் சுவர் மேலிருந்து அதற்கு வேர்க்கடலை போட்டு வந்திருக்கிறார்கள். இனி அது எப்படி மறக்கும்?

"வேற கிளிய வெச்சு பயக்கலாம்னா ரெண்டு மய காலம் ஆவும். அதுவரிக்கும் வூட்ல இன்னாத்த துன்றது? கொளத்தாண்ட எடம் இல்ல, அங்க வேற ஆளுங்க குந்திகினு கீறாங்க. லஸ்ஸுல போலீஸ்காரன் தொரத்தறான். இந்த நெயலு ஒண்ணுதான் நைனா எனக்கு. உங்க சாமியாண்ட சொல்லி எதுனா பண்ணு."

நான் போய்ப் போதகரிடம் சொன்னேன். போதகர் மூப்பர்கள் கூட்டத்தில் வைத்தார். அங்கேதான் விஷயம் வேறு வழியில் திரும்பியது.

சாலமோன் மூப்பர் தாசில் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பேசினால் உத்தரவு வாசிப்பதுபோல் இருக்கும். "சுவர் நிழலில் உட்கார்ந்து குறி சொல்லுகிறதே முதல் கற்பனைக்கு விரோதம். இத்தனை நாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம். இப்போது நம்முடைய ஞானோபதேசத்தையே குறியில் சேர்த்துக்கொண்டான்."

"அவன் சேக்கலைங்க மூப்பரே, பட்சி தானா படிச்சுக்கிச்சு" என்றார் உபதேசியார். அவருக்கு உள்ளூர ஒரு பெருமை. "உங்க பேரனுக்கு ரெண்டு வருஷமா சொல்லிக் குடுக்கறேன், ஏறல. இது சுவத்துக்கு அந்தாண்ட இருந்தே புடிச்சிக்கிச்சு."

மூப்பருடைய பேரன் தேவதாஸ். போன வருஷம் பீடத்துக்கு முன்னால் நின்று வாய் திறக்காமல் அழுதுவிட்டு, திடப்படுத்தல் இல்லாமல் வீட்டுக்குப் போனவன். மூப்பர் முகம் கறுத்தது.

போதகர் சமாதானமாகக் கேட்டார். "பட்சி கேள்வி மாத்திரம் கேட்குதா, பதிலும் சொல்லுதா?"

"கேள்வி மட்டுந்தாங்க ஐயரே" என்றார் உபதேசியார்.

"அப்படியானா பாதிதான் தேறியிருக்கு."

"பாதியோ முழுதோ, குருத்தோலை ஞாயிறு அன்றைக்குத் திடப்படுத்தலுக்கு மிஷன் துரை வருகிறார். அதற்கு முன் அந்த ஆளும் கூண்டும் சுவரை விட்டுப் போய்விட வேண்டும், திரும்பவும் வரக்கூடாது" என்றார் மூப்பர். எல்லாரும் தலையசைத்தார்கள். யார் சொல்லுவது என்ற கேள்வி வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

தம்பிமாரே, நான் கூச்சக்காரன். பால்காரரிடம் பாலில் தண்ணீர் என்று சொல்லத் தெரியாமல் தண்ணீரைக் குடித்தவன். உதவி கேட்டு வந்த மனுஷனிடம் "கிளம்பு" என்று எப்படிச் சொல்ல? ஆனாலும் போனேன். அவர் முன்னால் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "மணி என்ன இருக்கும்?"

முனுசாமி சிரித்துவிட்டார். "இன்னா நைனா, மணி அடிக்கறவனே நீ. என்னாண்ட வந்து மணி கேக்கற?"

மறுநாள் போனேன். "வெயில் ஜாஸ்தியோ?" என்றேன்.

"நெயல்ல குந்திகினு கீறேன், எனக்கு இன்னா வெயிலு? அதுவும் உங்க சாமி குட்த்த நெயலு" என்று கும்பிட்டார்.

அதற்கு மறுநாள் மறுபடியும் மணி கேட்டேன். கிளிகூட என்னைக் கண்டால் அர்த்தம் கேட்க ஆரம்பித்தது.

இப்படியே குருத்தோலை ஞாயிறு வந்துவிட்டது. முனுசாமி சுவரோரத்தில்தான் இருந்தார். அன்றைக்குக் கூட்டம் வரும் என்று துண்டு துவைத்துக் கட்டியிருந்தார்.

ஆலயம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் வெள்ளை உடுப்பில், கையில் குருத்தோலையோடு பீடத்துக்கு முன் வரிசையாக நின்றார்கள். குள்ளன் ஆனபடியால் தேவதாஸ் முன்னால். புழுக்கம் தாங்காமல் ஜன்னல்களையெல்லாம் நானே திறந்து வைத்திருந்தேன். வழக்கமாக உபதேசியார்தான் கேள்வி கேட்பார். அன்று மிஷன் துரை, தாமே கேட்பதாகச் சொல்லிவிட்டார். நல்ல மனுஷர். அவருடைய தமிழ் இலக்கணத் தமிழ்.

முதல் கற்பனையைச் சொன்னார். பிறகு, "பிள்ளைகளே, இதனை விளங்கக் கூறுவீர்களாக" என்றார்.

பிள்ளைகள் விழித்தார்கள். பதில் தெரியாமல் இல்லை. அந்தப் பிள்ளைகளின் வாய்க்கு ஒரே ஒரு சாவிதான் இருந்தது. உபதேசியார் கேட்கிற அந்தக் கேள்வி, அந்தக் குரலில் வந்தால்தான் திறக்கும். "விளங்கக் கூறுவீர்களாக" என்பது வேறு பூட்டுக்குச் சாவி. துரை மறுபடியும் சொன்னார். தேவதாஸ் குருத்தோலையின் நுனியைக் கிழிக்க ஆரம்பித்தான். முன் பெஞ்சில் மூப்பர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது கிழக்கு ஜன்னல் வழியாக, கணீரென்று வந்தது: "இதின் அர்த்தம் என்ன?"

பிள்ளைகள் எல்லாரும், தேவதாஸ் உள்பட, ஒரே மூச்சாகப் பதிலைக் கொட்டினார்கள். ஓர் எழுத்துத் தவறவில்லை.

துரை மெச்சிக்கொண்டு உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியாரின் வாய் மூடியிருந்தது. போதகர் என்னைப் பார்த்தார். மூப்பர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் நடக்காத முகத்தை வைத்துக்கொண்டேன். யாரும் நம்பவில்லை. வெளியே போனேன்.

முனுசாமி அதற்குள் தன் துண்டை அவிழ்த்துக் கூண்டை மூடி, அதன்மேல் கவிழ்ந்து படுத்திருந்தார். "மூடிட்டேன் நைனா, மூடிட்டேன்! தொரை கோச்சுக்குனாரா? என்ன இங்கேருந்து தொரத்திடாத நைனா, புள்ளகுட்டிக்காரன்."

உள்ளே துரை இரண்டாம் கற்பனையைச் சொல்லி முடித்தார். பிள்ளைகள் மறுபடியும் விழித்தார்கள். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். தேவதாஸின் காது இரண்டும் சிவந்திருந்தன. போன வருஷத்து அழுகை திரும்ப வருகிறது என்று குருத்தோலையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டான். மூப்பர் கண்ணை மூடியிருந்தார், ஜெபித்தாரோ என்னவோ.

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். உத்தரவு என்னிடம் இருந்தது. அந்தக் கூண்டைத் தூக்கித் தெருமுனையில் வைத்துவிட்டு வந்திருந்தால் என்னை யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் உத்தரவு போட்ட நாளில் பிள்ளைகள் அங்கே நிற்கவில்லை. இப்போது நின்றுகொண்டிருந்தார்கள். ஆராதனைக்கு இந்த நிமிஷத்தில் என்ன வேண்டும் என்று பார்ப்பதுதான் கோயில்பிள்ளை வேலை. எண்ணெய் வேண்டுமென்றால் எண்ணெய். கிளி வேண்டுமென்றால் கிளி.

"துண்டை எடு" என்றேன்.

"இன்னா நைனா, உள்ள தொரை கீறாரே!"

"அதனாலதான். கடலை வெச்சிருக்கியா?"

அவர் மடியை அவிழ்த்தார். நான் கூண்டை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே துரை ஒரு கற்பனையைச் சொல்லி நிறுத்துவார். பவானி அர்த்தம் கேட்கும். பிள்ளைகள் முழங்குவார்கள். முனுசாமி ஒரு கடலை கொடுப்பார். கொலை செய்யாதிருப்பாயாக, ஒரு கடலை. களவு செய்யாதிருப்பாயாக, ஒரு கடலை. பத்தும் முடிந்தபோது கிளி ஏப்பம் விட்டிருக்கும். நான் உள்ளே ஓடி, பிள்ளைகள் முழங்கால்படியிடுவதற்கு மெத்தையைப் போட்டேன். துரை தேவதாஸின் தலைமேல் கை வைத்தபோது மூப்பர் மூக்கைச் சிந்தினார்.

ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது துரை சொன்னார்: "பல சபைகளைக் கண்டிருக்கிறேன். வினாவை வெளியிலிருந்து எழுப்பும் இவ்வழக்கம் மிக நேர்த்தியானது. தம்மை மறைத்துக்கொண்டு நின்ற அந்தப் பணிவுள்ள சகோதரரை நான் காண வேண்டும்."

போதகர் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் மூப்பரைப் பார்த்தார். மூப்பர் என்னைப் பார்த்தார். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பதைப் பற்றிப் பிள்ளைகள் இப்போதுதான் முழங்கி முடித்திருந்தார்கள். அந்தச் சத்தம்கூட இன்னும் அடங்கியிருக்கவில்லை.

"வெளியில இருக்காருங்க. வாங்க" என்றேன்.

துரை நடந்தார். பின்னால் போதகர், உபதேசியார், மூப்பர், வெள்ளை உடுப்புப் பிள்ளைகள், சபை. சுவரைச் சுற்றிக்கொண்டு தெருப்பக்கம் வந்தோம். முனுசாமி பதறி எழுந்து கும்பிட்டார். துரை அக்கம்பக்கம் பார்த்து, "அவர் எங்கே?" என்றார்.

தனக்கு எதிரில் ஒருவர் வந்து நின்றால் முனுசாமிக்குக் கை தானாக வேலை செய்யும். கூண்டைத் திறந்துவிட்டார். "வாம்மா பவானி, தொரைக்கு நல்ல சீட்டா ஒண்ணு எடு."

மூப்பர், "ஐயோ" என்றார். பவானி ஆடி ஆடி நடந்து வந்து, நாலைந்து சீட்டைத் தள்ளிவிட்டு, ஒன்றை அலகில் எடுத்து நீட்டியது. துரை மரியாதைக்காரர். குனிந்து வாங்கிக்கொண்டார். பிரித்துப் பார்த்தார். காக்கை வாகனத்தில் சனீஸ்வரன்.

கிளி கழுத்தைச் சாய்த்து அவரைப் பார்த்தது. "இதின் அர்த்தம் என்ன?"

துரையின் முதுகு நிமிர்ந்தது. சின்ன வயதில், எங்கோ பனி பெய்கிற ஊரில், அவரையும் ஒருவர் இதே கேள்வியை இதே மாதிரி கேட்டிருப்பார்போல. கண் கிளிமேல் இருக்க, வாய் தானாகத் திறந்தது. தேவனுக்குப் பயப்பட வேண்டும், அவரை நேசிக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். போதகரின் வாயும் சேர்ந்துகொண்டது. உபதேசியார் சேர்ந்தார். பிள்ளைகள் சேர்ந்தார்கள். "ஐயோ" என்று திறந்த வாயை மூடாமலே மூப்பரும் சேர்ந்துவிட்டார். நானும் சொன்னேன். பிறனுடைய பொருளைக் கெடுக்காமல், அவனுடைய பிழைப்பைக் காப்பாற்ற உதவ வேண்டும் என்கிற விளக்கம் வரையில் வந்து, சபை முழுவதும் மயிலாப்பூர் நடுத்தெருவில், கையில் சனீஸ்வரனோடு, கிளிக்கு ஞானோபதேசம் ஒப்பித்தோம். ஒரு ஜட்கா நின்றது. குடத்தோடு போன இரண்டு மாமிகள் நின்றார்கள்.

முடிந்ததும் துரை கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். குனிந்து கிளியிடமே திருப்பிக் கொடுத்தார். அது வாங்கிச் சீட்டுக்கட்டில் செருகிவிட்டுக் கூண்டுக்குள் போயிற்று. துரை தொப்பியைக் கழற்றினார். யாருக்காக என்று சொல்லவில்லை.

எங்கள் பின்னால் முனுசாமியின் குரல் கேட்டது. "இவ்ளோதானா அர்த்தம்? மேல கீறவனுக்கு பயந்து நட, அடுத்தவன் பொயப்ப கெடுக்காத? இத மொதல்லியே சொல்லிருக்கலாமே நைனா!"

அன்று சாயங்காலத்திலிருந்தே அவர் தொழில் சரியாகிவிட்டது. கிளி சீட்டு எடுக்கும், அர்த்தம் கேட்கும். முனுசாமி எந்தச் சீட்டானாலும் அதையே சொல்லுவார். கோபமாக எழுந்து போன மாமி மறுபடி வந்து உட்கார்ந்து, "இது புரியறது, பேஷ்" என்று காசு கொடுத்ததைப் பார்த்தேன். "வடக்கேருந்து சேதி வரும்" என்பதை மட்டும் அவர் விடவில்லை. அது பழக்கம்.

அடுத்த மூப்பர்கள் கூட்டத்தில் பழைய தீர்மானங்களை வாசித்தார்கள். சுவரோரத்து ஆளை அகற்றும் விஷயம் வந்தது. சாலமோன் மூப்பர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "கோயில்பிள்ளை, சொல்லியாயிற்றா?" என்றார்.

"இன்னும் சொல்லலைங்க."

"ஆகட்டும். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்."

அந்த உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை. ரத்து செய்தால் குறி சொல்லுவதற்குச் சபை இடம் கொடுத்ததாகிவிடும் அல்லவா? அதனால் ஒவ்வொரு கூட்டத்திலும் அதை வாசிப்பார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் மூப்பர் கேட்பார், நான் இன்னும் சொல்லவில்லை என்பேன். போதகர்கள் மாறினார்கள். தேவதாஸுக்கு மீசை முளைத்தது. நான் வேலையை விட்டு நின்ற கூட்டத்திலும் கேட்டார்கள். இன்னும் சொல்லவில்லை என்றேன். வருகிறவர் சொல்லட்டும் என்று முடிவு செய்தார்கள்.

ஆகவே, உங்களில் அந்த ஆலயத்துக்குப் போகிறவர் யாரோ, அவரிடம் சாவிக்கொத்தோடு இந்த வேலையையும் ஒப்படைக்கிறேன். முனுசாமியிடம் போய் அந்த இடத்தை விட்டுக் கிளம்பச் சொல்ல வேண்டும். உத்தரவு உத்தரவுதான், போகாமல் இருந்துவிடாதீர்கள். காலையில் மணி அடித்து முடித்ததும் சுவரைச் சுற்றிக்கொண்டு போங்கள். அவருக்கு முன்னால் நன்றாக நில்லுங்கள். அவர் நிமிர்ந்து பார்ப்பார்.

மணி என்ன என்று கேளுங்கள்.